வட்டையை வட்டாரமாக்கிய கதை: ஈழத்து இலக்கியம் தன் தமிழைக் கண்டடைந்த வரலாறு

1996ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கேயே கலைப்பட்டதாரியாகி, எனக்குத் தமிழ் தெரியும் என்ற நம்பிக்கையோடு கொழும்புக்கு வந்தவன் நான். பிரதேச நிருபர்கள் தொலைநகலில் அனுப்பும் செய்திகளைச் செம்மைப்படுத்தி அச்சுக்குக் கொடுப்பது எனக்கிடப்பட்ட பணி.

ஒரு நாள் மாலை கல்முனைப் பகுதியிலிருந்து நாலே வரிச் செய்தியொன்று வந்தது. வட்டைக்குச் சென்ற குடும்பஸ்தர் ஒருவர் மூன்று நாட்களாகியும் வீடு திரும்பவில்லை என்பது செய்தி. அந்நாட்களில் அத்தகைய செய்திகள் வராத நாளில்லை. எனக்கு 'வட்டை' என்ற சொல் உறுத்தியது. அகராதியைப் புரட்டவில்லை, எவரையும் கேட்கவுமில்லை. 'வட்டாரம்' என்று எழுத வந்தவர் அவசரத்தில் தவறிவிட்டார் எனத் தீர்மானித்து, 'பக்கத்து வட்டாரத்துக்குச் சென்ற குடும்பஸ்தர்' என்று திருத்தி அனுப்பிவிட்டேன். ஒப்புநோக்குநரும் அதனைச் சரியென்றே விட்டுவிட்டார்.

இரண்டு வாரம் கழிந்து நிருபரின் தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கோபிக்கவில்லை. 'மனே, தெரியாட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று மட்டும் சொன்னார். மகனே என்பதைத் தம் ஊர் வழக்கில் அப்படித்தான் சொல்வார்கள். காணாமற்போனவரின் மனைவி எங்கள் பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறார். அவருடைய வாக்குமூலத்தில் கணவர் வயலுக்குப் போனார் என்றிருந்தது. பத்திரிகையிலோ அவர் ஏதோ ஒரு வட்டாரத்துக்குப் போனார் என்றிருந்தது. எங்கள் நாட்டில் வட்டாரம் என்பது உள்ளூராட்சி மன்றத்தின் தேர்தற் பிரிவு. 'எது உண்மை? எந்த வட்டாரம்?' என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார்கள். ஊரின் மேற்கே பரந்துகிடக்கும் வயல்வெளியில் தேட வேண்டியவரை ஊருக்குள் தேடுமாறு சொல்லியிருக்கிறார்கள்.

அவர் பின்னர் திரும்பி வரவேயில்லை. என் திருத்தம் இல்லாதிருந்தால் வந்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஒரேயொரு அச்சுச் சான்றை நான் பொய்யாக்கியிருந்தேன். எனது தமிழ்க் கல்வி முழுவதும் ஒரு சொல்லின் முன்னால் தோற்றுப்போயிருந்தது.

இத்தனை ஆண்டுகள் கழித்து இதனை எழுதுவதற்குக் காரணம், கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதம். தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் தந்தை அவர். தாய்மொழி இலக்கியம் என்றால் நல்ல தமிழில் எழுதப்பட்ட நூல்களைக் கொடுத்தால் போதாதா, ஊர்ப்பேச்சில் எழுதப்பட்ட ஈழத்துக் கதைகளைப் பிள்ளைகள் ஏன் சிரமப்பட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. நம் இலக்கியம் நம் மண்ணின் மொழிக்கு வந்து சேர்ந்த வரலாற்றைத்தான் அதற்கு விடையாகச் சொல்ல முடியும்.

அந்த வரலாறு ஒரு விசித்திரத்தோடு ஆரம்பிக்கிறது. ஈழத்தவர் எழுதிய முதலாவது தமிழ் நாவலாகக் கருதப்படுவது கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்'. 1885இல் வெளிவந்த அந்நூலின் கதை எகிப்தைப் பின்னணியாகக் கொண்டது. பத்தாண்டுகள் கழித்து, 1895இல், திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' வந்தது. அது நாயக்கர் காலத் தமிழகத்தின் கதை. கண்டியிலிருந்தவர் எகிப்தையும் திருகோணமலைக்காரர் தஞ்சையையும் எழுதினார்கள். தாம் நின்ற நிலம் கதைக்கு உகந்தது என்று எவருக்கும் அப்போது தோன்றவில்லைப் போலும். யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்க்கையை நாவலாக்க 1914இல் மங்களநாயகம் தம்பையா என்ற பெண்மணி வர வேண்டியிருந்தது. அவருடைய 'நொறுங்குண்ட இருதயம்' நம்மவர் இல்லங்களின் உள்ளே புகுந்து பார்த்த முதல் நூல்களுள் ஒன்று.

இதற்காக முன்னோரைக் குறைகூறுதல் தகாது. ஆறுமுக நாவலர் வகுத்துத்தந்த தெளிந்த வசனநடையிலும் இலக்கண ஒழுங்கிலும் பயின்றவர்கள் அவர்கள். எழுத்து என்றால் செந்தமிழ். பேச்சு என்றால் வீட்டுத் திண்ணையோடும் வயல்வரம்போடும் முடிந்துபோவது. இவ்விரண்டுக்குமிடையே மதிலொன்று இருந்தது. அதனை யாரும் ஒரே நாளில் இடிக்கவில்லை.

1930ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டில்தான் நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். கொழும்பில் 'வீரகேசரி'யும் அதே ஆண்டில் பிறந்தது. 1932இல் 'தினகரன்' வந்தது. பத்திரிகைகள் பெருகவே, எழுதுவோருக்கும் களம் கிடைத்தது. எனினும் அக்காலத்து வாசகனின் கண் சென்னையையே நோக்கியிருந்தது. 'ஆனந்த விகடன்', 'கலைமகள்' முதலிய தமிழகத்து ஏடுகளே இங்கு இலக்கியத்தின் அளவுகோல். எழுத வந்தவர்களும் அந்த ஏடுகளின் நடையிலேயே எழுதினார்கள். அளவெட்டியிலும் ஆரையம்பதியிலும் வாழ்ந்த மாந்தர் கதைக்குள் வந்ததும் மயிலாப்பூர்த் தமிழில் உரையாடத் தொடங்கிவிடுவார்கள். வாசகனுக்கும் அது இயல்பாகவே பட்டது. கதை என்றால் அப்படித்தான் பேசும் என்று அவன் பழகியிருந்தான்.

இந்தப் பழக்கத்தை மெல்ல மாற்றியவர்களுள் இலங்கையர்கோனை மறக்க முடியாது. அவருடைய 'வெள்ளிப் பாதசரம்' என்ற சிறுகதையில் வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் செல்லும் ஓர் இளந் தம்பதியைக் காண்கிறோம். மணல்வெளியும் கூட்டமும் அவர்களுக்கிடையே எழும் சிறு ஊடலும் நமக்கு அந்நியமானவை அல்ல. 1946இல் யாழ்ப்பாணத்தில் 'மறுமலர்ச்சி' சஞ்சிகை தோன்றியது. வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோர் அதனோடு இணைந்து நின்றார்கள். ஈரிரண்டு ஆண்டுகூட வாழாத அச்சஞ்சிகை தன் ஆயுளுக்கு மிஞ்சிய பணியைச் செய்துவிட்டுப் போனது.

இதே காலத்தில் இன்னொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்துகொண்டிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பாடசாலைகளில் தாய்மொழிப் போதனை படிப்படியாகப் பரவி, 1960 அளவில் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் வரையில் எட்டியது. அதற்கு முன்னர் ஆங்கிலக் கல்லூரிகளின் வாயிலைக் காண முடியாதிருந்த குடும்பங்களிலிருந்து தமிழில் படித்த இளைஞர்கள் வெளியே வந்தார்கள். கடற்றொழிலாளியின் மகனும் கமக்காரனின் மகளும் வாசகராயினர். அவர்களுட் சிலர் எழுத்தாளருமாயினர். தங்கள் வீட்டில் பேசும் தமிழை அச்சில் தேடியபோது அது அங்கே இல்லாதிருப்பதைக் கண்டார்கள்.

1954இல் அமைக்கப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இந்த ஏக்கத்துக்கு ஒரு பெயரிட்டது. 'மண்வாசனை' என்ற சொல்லும் 'தேசிய இலக்கியம்' என்ற கோஷமும் அவ்வட்டத்திலிருந்தே பரவின. 'தினகரன்' ஆசிரியராகவிருந்த க. கைலாசபதி ஈழத்து எழுத்தாளருக்குத் தம் பத்திரிகையைத் திறந்துவிட்டார். நம் ஊர், நம் மாந்தர், நம் பேச்சு என்பவை கதைகளில் இடம்பிடித்தன.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. 1960களின் தொடக்கத்தில் நடந்த அந்த வாதப்பிரதிவாதத்தை 'மரபுப் போராட்டம்' என்று இலக்கிய வரலாற்றில் குறிப்பிடுவார்கள். பேச்சுவழக்கைக் கதையில் எழுதுவது மொழியைக் கெடுப்பதாகும் என்பது ஒரு சாராரின் வாதம். அவர்கள் அவ்வழக்கிற்கு இட்ட பெயர் 'இழிசனர் வழக்கு'. இந்தச் சொற்றொடரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வழக்கு இழிந்தது என்று அது சொல்லவில்லை. அதனைப் பேசுவோர் இழிந்தோர் என்று சொல்கிறது. சண்டை இலக்கணத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், அதன் வேர் சாதியில் இருந்தது.

ஏனெனில், பேச்சுமொழியோடு இலக்கியத்துக்குள் நுழைந்தவர்களுள் முன்னணியில் நின்றோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். டொமினிக் ஜீவா சிகை அலங்கரிக்கும் தொழில் செய்தவர். 1960இல் வெளிவந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 1966 ஓகஸ்டில் அவர் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகை போரையும் இடப்பெயர்வையும் தாண்டி 2012 வரையில் நடந்தது. 2021இல் அவர் மறைந்தார். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்த போதிலும், 1960களின் இறுதியிலும் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட அதே மனிதரின் பேச்சைத்தான் இலக்கியத்தின் வாசலிலும் நிறுத்தப் பார்த்தார்கள்.

முற்போக்கு அணியோடு முரண்பட்டு வெளியேறிய எஸ். பொன்னுத்துரையும் இந்த விடயத்தில் பின்னிற்கவில்லை. 1966இல் வந்த அவருடைய 'சடங்கு' யாழ்ப்பாணத்துப் பேச்சைக் காது குளிரக் கேட்பதற்கு இன்றும் நல்லதொரு நூல். கொள்கையால் எதிரெதிரே நின்றவர்கள்கூட ஊர்மொழி என்ற ஒரே பாதையில்தான் நடந்தார்கள். கவிதையில் அளவெட்டி மஹாகவி, பேச்சின் ஓசையை யாப்புக்குள் இசைவாக அமர்த்திக் காட்டினார். இதனால் மரபு கெட்டுப்போகவில்லை. வெண்பாவும் விருத்தமும் புது மூச்சுப் பெற்றன என்றே சொல்ல வேண்டும்.

1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை காரணமாக இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தமிழகத்து வெகுசன சஞ்சிகைகளின் வரவும் அதில் அகப்பட்டது. பாணுக்கு வரிசையில் நின்ற அக்காலத்தை இன்றும் கசப்போடு நினைப்பவர்கள் உண்டு. ஆயினும் புத்தக உலகில் அதற்கொரு மறுபக்கம் இருந்தது. சென்னை ஏடுகள் வராது போகவே, ஈழத்து வாசகன் ஈழத்து நூல்களின் பக்கம் திரும்பினான். வீரகேசரிப் பிரசுரமாக நாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி' ஆகியன 1973இல் வந்தன. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வந்தது. 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது இந்த வளர்ச்சி தடைப்பட்டதென்பதும் உண்மை. கதவை மூடி வளர்த்த பயிர் என்று அதனை இகழ்வோரும் உளர். கதவு திறந்த பிறகும் அந்நூல்கள் மறக்கப்படவில்லை என்பதே அதற்கு விடை.

நான் அவற்றைப் படித்தது 1980களில். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மட்டைகள் கிழிந்து, பலகை அலுமாரியில் அடுக்கப்பட்டிருந்த வீரகேசரிப் பிரசுரங்களே என் முதற் கல்லூரி. 'வாடைக்காற்று' நெடுந்தீவைப் பற்றியது. காற்றுப் பருவத்தில் மீன்பிடிக்க வந்து கரையில் வாடியமைத்துத் தங்குவோரின் கதை. என் வீட்டிலிருந்து பார்த்தால் நெடுந்தீவு தெரியாது. ஆனால் அந்தக் காற்றின் பெயரை என் பாட்டி தினமும் சொல்வார். வாடை புத்தகமொன்றின் தலைப்பில் அச்சாகியிருந்ததைக் கண்டபோது எனக்கு உண்டான வியப்பை இன்னும் மறக்கவில்லை. 'நிலக்கிளி' என்னை வன்னியின் தண்ணிமுறிப்புக்கு அழைத்துச்சென்றது. குடாநாட்டுப் பையனாகிய எனக்கு வன்னி அதுவரையில் உறவினரின் வயல்காணி இருக்கும் ஓரிடம் மட்டுமே. அங்கே தன்மானமுள்ள ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை அந்த நாவலே எனக்குச் சொல்லியது.

மலையகத்தின் கதை தனியானது. அங்கே மக்களுடைய மொழி மட்டுமன்றி, அவர்களுடைய இருப்பே மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் புகழ்பெற்றவர். அவரே தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பு 1983இல், அவர் மறைவதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்தது. லயம், பிரட்டு, பேர், கொந்தரப்பு, கவ்வாத்து என்னும் சொற்களுக்கு நிகரான சொற்களைச் செந்தமிழில் கண்டுபிடிக்கலாம். பிரட்டு என்பதை 'காலை அணிவகுப்பு' என்று எழுதினால் இலக்கணப் பிழை நேராது. ஆனால் விடியற்காலைக் குளிரில் கங்காணியின் முன்னே பெயர் கொடுக்க நிற்பவரின் பயம் அந்தச் சொல்லில் இராது.

மீண்டும் கிழக்குக்கு வருகிறேன். தொலைபேசியில் என்னை மனே என்றழைத்த அந்த முதியவர் சில நாட்களில் தபாலில் ஒரு புத்தகம் அனுப்பிவைத்தார். நீலாவணனின் 'வேளாண்மை'. பெரியநீலாவணையில் பிறந்து 1975இல் மறைந்த அக்கவிஞர் தம் பிரதேசத்து உழவர் வாழ்க்கையைப் பாடிய காவியம் அது. அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின்னர், 1982இலேயே நூலுருப் பெற்றது. பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த நான் அதன் பெயரை மட்டுமே அறிந்திருந்தேன்.

அந்தப் புத்தகத்தோடு ஒரு கொப்பித்தாளில் சில சொற்களுக்கு அவர் தம் கைப்பட விளக்கம் எழுதியிருந்தார். வட்டை என்றால் ஒருவருடைய வயல் மட்டுமன்று, பலருடைய வயல்கள் சேர்ந்துகிடக்கும் பெருவெளி. அதற்கென ஒரு பெயர் உண்டு, நீர்வாய்க்கால் உண்டு, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க வட்டவிதானை உண்டு. காணிக்குரிய போடியார், அங்கே இராக்காவல் இருக்க ஒரு வாடி, அரிவிவெட்டின் பின் கதிர்களை அடுக்கிவைக்கும் சூடு, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். ஒருவர் வட்டைக்குப் போனார் என்றால், எந்தப் பாதையால் போனார், எவ்வளவு நேரத்தில் திரும்புவார், யார் யார் அவரைக் கண்டிருக்கக்கூடும் என்பதெல்லாம் அவ்வூராருக்கு விளங்கிவிடும். நான் வெட்டியெறிந்தது ஒரு சொல்லை என்று எண்ணியிருந்தேன். ஒரு மனிதரைத் தேடுவதற்குரிய வரைபடத்தை வெட்டியிருக்கிறேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

நெடுந்தீவில் மீனவர் தங்குவதும் வாடி, கல்முனையில் உழவர் தங்குவதும் வாடி. கடலோரத்தில் ஒன்று, வயலோரத்தில் ஒன்று. 'வாடைக்காற்'றை முன்பே படித்திருந்த எனக்கு இந்தச் சொல் எளிதில் விளங்கியது. 'வேளாண்மை'யையும் முன்பே படித்திருந்தால் அந்த மாலைப்பொழுதில் என் பேனை தயங்கியிருக்கும். பிரதேச இலக்கியத்தைப் படிப்பதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என்னிடமுள்ள சான்று இதுதான். அதே கரையில் பிறந்த எம். ஏ. நுஃமானின் கவிதைகளையும் அதன் பின்னரே தேடிப் படித்தேன். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டையில் அடுத்தடுத்த வரவைகளில் வேளாண்மை செய்து, அதே சொற்களைப் பேசி வாழ்ந்தவர்கள். 1980களிலிருந்து அவர்களுக்கிடையே ஓடிய இரத்தத்தை நாம் அறிவோம். அரசியல் பிரித்த பின்னரும் அந்தச் சொற்கள் பொதுவாகவே இருக்கின்றன.

இத்தகைய நூல்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு ஆரம்பித்த வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. எரிந்தவற்றுள் இலண்டனிலோ சென்னையிலோ அச்சானவற்றைப் பணம் கொடுத்து மீண்டும் வாங்கிவிடலாம். சுன்னாகத்திலோ மட்டக்களப்பிலோ சில நூறு பிரதிகள் அச்சிடப்பட்டு, ஆசிரியரே சைக்கிளில் கொண்டுசென்று விற்ற நூலை எங்கே வாங்குவது? சிறிய மொழிப் பரப்பின் இலக்கியம் எரிந்தால் எரிந்ததுதான். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டத்தின் தொண்டர்கள் பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடி மின்வடிவாக்கி இணையத்தில் இட்டுவருவதன் அருமை இதனை எண்ணிப் பார்த்தால் புரியும். உலகின் எந்த மூலையிலிருந்தாலும் 'மல்லிகை'யின் பழைய இதழை இன்று திறந்து படிக்க முடிகிறதென்றால், அது அவர்கள் செய்த பேருதவி.

எதிர்வாதத்தையும் சொல்லாமல் விடுதல் முறையாகாது. ஊருக்கொரு தமிழ் எழுதினால் ஒருவர் எழுத்து ஒருவருக்கு விளங்குமா? மூன்று தசாப்தங்களாகப் பத்திரிகையில் இருப்பவன் என்ற வகையில் பொதுத் தமிழின் தேவையை நான் நன்கறிவேன். மன்னாரிலும் மதுரையிலும் மொன்றியலிலும் இருப்பவர்கள் ஒரே செய்தியை விளங்கிக்கொள்வதற்கு அது வேண்டும். நான் இதனை எழுதுவதும் அந்தத் தமிழில்தான். ஆனால் பொதுத் தமிழ் ஒரு கடல் என்றால் அதற்கு நீர் கொண்டுவருபவை இந்த ஊர்மொழிகள். தமிழகத்தில் கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்கு அகராதி வெளியிட்டபோது இதனை உணர்ந்தே செய்தார். கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரியின் பேச்சை யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் விரும்பிப் படித்தோம். சில சொற்கள் விளங்கவில்லை. அதற்காகப் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. ஈழத்துக் கதைகளுக்கு மாத்திரம் அடிக்குறிப்பு வேண்டுமென்று ஒரு காலத்தில் தமிழகத்தில் கேட்டார்கள். இன்று அங்கேயுள்ள வாசகர்கள் அடிக்குறிப்பின்றியே நம் எழுத்துக்களைப் படிக்கிறார்கள். விளங்காத சொல் வாசிப்புக்குத் தடை என்பதை அனுபவம் பொய்ப்பித்துவிட்டது.

கனடா நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் பிள்ளைகளுக்குப் பாரதியையும் திருக்குறளையும் கொடுங்கள், தவறாமல் கொடுங்கள். அவற்றோடு, அவர்களின் அம்மம்மா பேசிய தமிழில் எழுதப்பட்ட ஒரு கதையையாவது கொடுங்கள். செந்தமிழ் நூல் அவர்களுக்குத் தமிழைக் கற்பிக்கும். ஊர்த்தமிழ் நூல், வீட்டில் தாங்கள் கேட்ட பேச்சு வெட்கப்படத்தக்கதன்று, அதுவும் அச்சேறத் தகுந்தது என்பதைக் கற்பிக்கும். அம்மம்மா கதைக்கும்போது குறுக்கிட்டுத் திருத்தாமல், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கும் பழக்கம் வரும். அப்படிக் கேட்பதற்கு எனக்கு இருபத்தைந்து வயது தாண்டிய பிறகும் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு 'வேளாண்மை'யை அனுப்பிய முதியவர் இப்போது இல்லை. அவருடைய கொப்பித்தாள் அந்த நூலின் உள்ளட்டையில் இன்னமும் இருக்கிறது. பின்னர் ஆசிரிய பீடத்தில் புதிதாகச் சேரும் இளைஞர் ஒவ்வொருவரிடமும் அதனைக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நிருபர் எழுதிய சொல் தெரியாவிட்டால் தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பதே நான் அவர்களுக்குச் சொல்லும் முதற் பாடம். கடந்த வருடம் மன்னாரிலிருந்து வந்த செய்தியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தங்கச்சி, 'ஐயா, இந்தச் சொல் பிழையா, அல்லது எனக்குத்தான் தெரியவில்லையா?' என்று கேட்டாள். எனக்கும் அது தெரியவில்லை. இருவருமாக மன்னாருக்குத் தொலைபேசி எடுத்தோம்.